என்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு

நோய் வந்தபோது நான் முதலில் திட்டியது என் செருப்பைத்தான். கம்பெனி வாசலில் இடது கால் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. அது தெரியாமலே நான் மெஷின் வரைக்கும் நடந்து வந்துவிட்டேன். வாட்ச்மேன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"என்ன சார், ஒத்தச் செருப்போட வாறீக?"

எல்லாரும் சிரித்தோம். வார் லூசாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை புதுசு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயர் அருள்ராஜ். வயது முப்பத்துமூன்று. திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அப்போது வெடிப் பெட்டி லேபிள் வேலையெல்லாம் ஓய்ந்து, காலண்டர் சீசன் சூடு பிடித்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் எனக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. மாத்திரை போட்டேன், நின்றுவிட்டது. அதை மறந்தும் போனேன்.

செருப்பு விழுந்த மறுநாள் டவுன் பஸ் படியில் கால் ஏறவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கண்டக்டர், "ஏறுறீகளா, இல்லையா?" என்று சத்தம் போட்டார். அதற்கு அடுத்த நாள் காலையில் கழிவறையில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி சுகந்தியும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். சிவகாசியில் டாக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டிவிட்டுச் சுத்தியலை மேசையில் வைத்தார்.

"வீட்டுக்குப் போக வேண்டாம். இப்படியே மதுரைக்குக் கிளம்புங்க."

மதுரைக்குப் போகிற வழியில் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தேன். மூடி சுற்றவில்லை. கைக்கும் வந்துவிட்டது.

இதே நோய் வந்தவர்களின் வீட்டார் யாராவது இதைப் படிப்பார்கள் என்பதால் அந்த நாட்களைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நரம்புப் பரிசோதனை. கை கால்களில் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். சுண்டிச் சுண்டி இழுக்கும், தாங்கிக்கொள்ளலாம். பிறகு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பார்கள். முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு படுக்கச் சொல்வார்கள். ஊசியைவிட, அசையாமல் கிடப்பதுதான் பாடு.

டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ரிசல்ட் வந்ததும் ஒரு துண்டுக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"கரண்ட் ஒயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்குல்ல? நரம்புக்கும் அப்படி ஒண்ணு உண்டு. வயித்துல வந்த கிருமியை அடிக்கக் கிளம்புன உங்க உடம்போட படை, வழியில நரம்பு உறையையும் கிருமின்னு நினைச்சு அடிச்சிருச்சு. இதுக்கு கில்லன் பாரேன்னு பேரு. ஜி.பி.எஸ்.னு சொல்வோம்."

"சரியாயிருமா மேடம்?" என்றாள் சுகந்தி.

"பெரும்பாலும் சரியாயிரும். ஆனா ஏறுற வரைக்கும் ஏறிட்டுத்தான் இறங்கும்."

எதுவரைக்கும் ஏறும் என்று நாங்கள் கேட்கவில்லை. 

பல பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற மருந்து ஒன்று உண்டு. ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். விலை அதிகம். காப்பீட்டு அட்டை கொஞ்சம் தாங்கியது. சுகந்தியின் கழுத்து வெறுமையாக இருப்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். 

டாக்டர் தினமும் காலையில் வந்து ஒரு பரீட்சை வைப்பார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முதல் நாள் இருபத்தாறு வரை போனேன். மறுநாள் பதினெட்டு. அதற்கடுத்த காலை பதினொன்றில் நின்றது. சாயங்காலம் மறுபடி எண்ணச் சொன்னார். ஏழு. அதற்கு மேல் சிரித்துப் பேசி மழுப்ப அவராலும் முடியவில்லை.

"அருள்ராஜ், கொஞ்ச நாள் மெஷின் உங்களுக்காக மூச்சு விடட்டும்."

வாய் வழியாகக் குழாய் போட்டார்கள். பத்து நாளைக்கு மேல் ஆனதும் தொண்டையில் துளை போட்டு அதன் வழியே மாற்றினார்கள். இரண்டிலும் பேச்சு வராது. முகமும் அசையாமல் போய்விட்டது. ஆனால் இந்த நோயில் அறிவு மட்டும் மங்குவதில்லை. காது நன்றாகக் கேட்கும். நெற்றியில் ஈ உட்கார்ந்தால் உறைக்கும். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இறந்து, திரைச்சீலை இழுக்கப்பட்டு, அவர் மகள் வெளியே அழுவது வரை எல்லாம் தெரியும். உள்ளே ஆள் விழித்திருக்கிறான், வெளியே ஆள் இல்லை. பார்க்க வந்தவர்கள் பாதிப் பேர் நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு என் முன்னாலேயே என் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அம்மாவும் அப்படி நினைத்தாளோ என்னவோ.

என் அம்மா ஞானம்மாள். அறுபத்தொரு வயது. அப்பா இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இளமையில் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கினாள். பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஐந்தாவது வரைதான் படிப்பு. வேதத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், ஆனால் தினமும் வாசிப்பாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். ஒருநாள் அம்மா வந்தாள். வேர்வையும் ஆஸ்பத்திரி சோப்பும் கலந்த வாடை. என் தலைமாட்டில் நின்று காதுப் பக்கம் குனிந்தாள். ரகசியம் பேச அவளுக்கு எப்போதுமே வராது.

"ஆண்டவரே, இந்தப் புள்ளையத் திருப்பித் தாரும். உம்ம ஊழியத்துக்கே விட்டுர்றேன். இனிமே இவன் எனக்கில்ல, உமக்குத்தான். இது என் வாக்கு."

கண்ணீர் என் காதில் விழுந்து உள்ளே இறங்கியது. துடைக்க முடியவில்லை.

எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். என்னைக் கேட்காமல் என்னைக் கொடுக்கிறாள். எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், ஏழு வயதில் மகள் இருக்கிறாள், முடிக்க வேண்டிய காலண்டர் ஆர்டர் இருக்கிறது. நான் கோயிலுக்குப் போகிறவன்தான். ஞாயிறு தவறமாட்டேன், பாட்டுக் குழுவில் கூட நின்றிருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுநேரமும் சபை வேலைக்குப் போகிற ஊழியம் வேறு. ஒருவரை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவர் எழுந்து போக வேண்டும் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லையே.

கூப்பிடுகிறாரா என்று கேட்டுப் பார்க்க அங்கே எனக்கு நேரம் நிறைய இருந்தது. உண்மையாகவே கேட்டுப் பார்த்தேன். கண்ணை மூட முடியாததால் நர்ஸ் மருந்து தடவி டேப் ஒட்டிவிடுவார். அந்த இருட்டில், "பேசும், கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மெஷின் மூச்சு விடும் சத்தம் கேட்டது. சளி உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு நர்ஸ் இன்னொருவரிடம் சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்டது. வேறொன்றும் இல்லை. பல நாட்கள் ஜெபம்கூட வரவில்லை. களைப்பில் மனசும் கை காலைப் போலக் கிடந்தது.

சுகந்தி மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் கண் விழியை மேலே உயர்த்தினால் ஆமாம், பக்கவாட்டில் திருப்பினால் இல்லை என்று அவள்தான் கண்டுபிடித்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்து எழுத்து அட்டையைக் கொண்டுவந்தாள். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. அதில் ஒவ்வொன்றாக விரலை வைத்தால் ஒரு சொல்லுக்கே பொழுது போய்விடும். அதனால் முதலில் க, ச, த என்று வரிசையைத் தொடுவாள். நான் கண்ணை உயர்த்தியதும் அந்த வரிசையில் கா, கி, கீ என்று போவாள். நான் முதலில் சொன்ன சொல் "அரிக்குது". எங்கே என்று கண்டுபிடிக்க இன்னும் பத்து நிமிஷம் ஆனது.

அம்மா வாக்குக் கொடுத்த மூன்றாம் நாள். வார்டு சிஸ்டர் இரக்கப்பட்டு இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே விட்டார். அன்று நான் ஒரு சொல்லைச் சேர்த்து வைத்திருந்தேன். "வேண்டாம்." அம்மாவின் வாக்கைப் பற்றித்தான். சுகந்தி அட்டையைத் தூக்கினாள். விரல் 'வ'வுக்கு வந்ததும் கண்ணை உயர்த்தினேன். வ, வா, வி, வீ, வு, வூ, வெ, வே. மறுபடி உயர்த்தினேன்.

"வே..." என்றாள் சுகந்தி.

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வேதம்! வேதம் கேக்குறான்! ஏலே அருளு, வேதம் வாசிக்கணுமாலே?"

கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினேன். திருப்பினேன், திருப்பினேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. பைக்குள் கையை விட்டு வேதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, அதிலுள்ள சங்கீத ஜெபம் ஒன்றை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் முகம் எனக்குத் தெரிந்தது. நான் விழியை நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஒரு எழுத்து எங்கள் ஊருக்கு என்னைவிட முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. மெஷினில் கிடந்தவன் முதலில் கேட்டது வேதம்! அடுத்த ஞாயிறு போதகர் ஐயா அதைப் பிரசங்கத்திலேயே சொன்னாராம். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் என் காலைத் தொட்டு ஜெபித்தார்கள்.

இருபத்திரண்டாம் நாள் மெஷினைக் கழற்றினார்கள். முதலில் கால் மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று மெதுவாகப் பழக்கி, சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். தொண்டைத் துளையை யாராவது விரலால் அடைத்துப் பிடித்தால் கரகரவென்று நாலு வார்த்தை வரும். கைகள் தலையணை உயரத்துக்கு மேல் வராது. பக்கத்துக் கட்டிலில் மாரிமுத்து இருந்தார். தாயில்பட்டிக்காரர், வெடிக் கம்பெனியில் லோடுமேன். லாரி மேலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கையும் அசையாது காலும் அசையாது. அவருக்கு என்னைவிட வயது குறைவு. டாக்டர் எனக்குச் சொல்கிற "சரியாயிரும்" என்ற சொல்லை அவருக்குச் சொல்வதில்லை. அது அவருக்கும் தெரியும்.

அவர் மனைவி லட்சுமி வாரத்தில் இரண்டு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போனால்தான் கூலி. "நான் பாத்துக்கிர்றேன் தாயி, நீ போயிட்டு வா" என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு மணிக்கொரு தரம் என்னைப் புரட்டிப் போடுவாள். பிறகு அவரைப் புரட்டப் போவாள், வார்டு பாயைக் கூப்பிட்டுக்கொண்டு. எனக்கு ஒரு வாய் கஞ்சி, அவருக்கு ஒரு வாய். தன் முழங்கால் வலியைச் சொல்ல மாட்டாள். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது மட்டும் "ஏசப்பா" என்பாள்.

லட்சுமி இல்லாத ஒரு காலையில், அம்மா அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பும்போது மாரிமுத்து தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

"அம்மா, தலமாட்டுல ஒரு பொட்டலம் இருக்கு. இருக்கன்குடி அம்மன் கோயில் துண்ணூறு. அவ தெனமும் பூசிவிட்டுட்டுப் போவா. நீங்க கொஞ்சம்..."

முடிக்கவில்லை. அம்மா கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கட்டில் ஓரத்தில் வேதம். கேட்டது தப்போ என்று அவருக்கே தோன்றிவிட்டது போல. "வேணாம்மா. அவ வரட்டும்" என்றார்.

அம்மா அசையாமல் நின்றாள். எங்கள் வீட்டில் திருவிழாப் பொங்கலைக்கூட வாங்கிச் சாப்பிடுவதில்லை. சின்ன வயதில் இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றதற்கு முதுகில் அடி வாங்கியிருக்கிறேன். அம்மா என்ன செய்வாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். மூன்று விரலால் எடுத்து அவர் நெற்றியில் பூசினாள். எப்படிப் பூசுவது என்று தெரியாமல் ஒரு பக்கம் தடிமனாக இழுத்துவிட்டாள். கண்ணில் விழாமல் ஊதியும் விட்டாள்.

"போதுமாய்யா?"

"போதும்மா."

மாரிமுத்து அழுதார். கை அசையாதவர் அழுதால் அடுத்தவர்தான் துடைக்க வேண்டும். அம்மா துடைத்தாள். பூசினது அழிந்துவிடாமல் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் போய் நெடுநேரம் நின்றாள். ஜெபம் பண்ணினாளா, மன்னிப்புக் கேட்டாளா, எனக்குத் தெரியாது.

அந்த வாரம்தான் போதகர் ஐயா வேதாகமக் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தார். நல்ல மனிதர். எங்கள் சபையிலிருந்து யாரும் ஊழியத்துக்குப் போய் ரொம்ப வருஷமாகிவிட்டது என்ற ஏக்கம் அவருக்கு.

"அவசரமில்ல தம்பி. நடக்க ஆரம்பிச்சதும் ஒரு ஞாயித்துக்கெழமை, ஆண்டவர் சொகமாக்கினதச் சபை முன்னால சாட்சி சொல்லுங்க. அப்படியே ஒப்புக்கொடுத்து ஜெபிச்சிருவோம்."

அம்மா ஃபாரத்தை வாங்கி வேதத்துக்குள் மடிக்காமல் வைத்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் பயம் இருந்தது. வீட்டில் அலுப்புதான் இருந்தது. காலையில் கால் பயிற்சி, மத்தியானம் கைப் பயிற்சி, ரப்பர் பந்தை அழுத்துவது, ஒரு தட்டு மிளகாய்வற்றலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பொறுக்கிப் போடுவது. உள்ளங்கால் இரவு பகலாக எரியும். நரம்பு திரும்ப முளைக்கிறது, நல்ல அறிகுறி என்பார் டாக்டர். நல்ல அறிகுறி தூங்க விடவில்லை. வாக்கரைப் பிடித்துக் கக்கூஸ் வரை போய் வந்தால் அன்றைய தெம்பு தீர்ந்துவிடும். இதில் வருகிறவர்கள் எல்லாரும், "எப்பக் கெளம்புறீக, ஊழியத்துக்கு?" என்று கேட்டார்கள்.

ஒரு நாள் சுகந்தி எனக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் சொல்ல வந்தது வேதம் இல்ல."

"தெரியும். வேண்டாம்தான?" என்றாள், நகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியுமா?"

"நீங்க அந்த முழியை அம்புட்டுத் தடவை திருப்புனீகளே. தெரியாம இருக்குமா?"

"பெறகு ஏன் சொல்லல?"

"அத்தை மொகத்தப் பாத்தீகளா அன்னைக்கு? பல நாளாச் சோறு தண்ணி இல்லாத மொகம். அன்னைக்குச் சாயங்காலம்தான் வெளிய வந்து ரெண்டு இட்லி தின்னாக. அதான் விட்டுட்டேன்." கையை மாற்றிப் பிடித்தாள். "ஆனா நீங்க சொல்லணும். மேடையில நின்னு பொய் சொல்லிட்டு எறங்குனீகன்னா, அப்பறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் அதுக்கு மருந்து கெடையாது."

சாட்சி சொல்ல வேண்டிய ஞாயிறுக்கு முந்தின வாரம், அம்மா என் பாதத்தை மடக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். வேண்டாம் என்றுதான் எழுத நினைத்தேன், நீ வாக்குக் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன், எனக்குக் கோபம் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடக்குவதை நிறுத்தவில்லை.

"வேதத்துல அன்னாள், வேண்டிப் பெத்த புள்ளைய ஆலயத்துல கொண்டுபோயி விடலையா?" என்றாள் கடைசியில்.

"அந்தப் புள்ள பால்குடி மறந்த புள்ளம்மா. எனக்கு முப்பத்திமூணு வயசு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தப் புள்ளையவும் ஆண்டவர்தான் கூப்பிட்டாரு. அவனுக்கே கேட்டுச்சு. எனக்குக் கேக்கலம்மா. கேக்காமலா இருந்தேன்? அம்புட்டு நாளும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் கெடந்தேன். ஒண்ணும் கேக்கல. உனக்குக் கேட்டுச்சா?"

அதை நான் சண்டையாகத்தான் கேட்டேன். அம்மா என் பாதத்தை மெதுவாகத் தலையணை மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சி வரும், பயிற்சி நடக்கும், பேச்சு மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டில் நானும் அவளும்தான். வெங்காயம் உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தப்ப ஒரு டீச்சரம்மா வருவாக. எனக்கு இருவது வயசு. மதுரையில ஒரு வருசப் படிப்பு, வேதாகமப் பெண்ணா வாறியான்னு கேட்டாக. ஆஸ்பத்திரி, வீடுன்னு போயி சீக்காளிகளப் பாக்குற வேல. எனக்கு ஆசதான். ஆச என்ன, நெஞ்சு கெடந்து அடிச்சுச்சு. அடுத்த வருசம் வாரேம்மான்னு சொன்னேன். அடுத்த வருசம் உங்கப்பாவக் கட்டிவச்சுட்டாக. பெறகு நீ."

"எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா."

"என்னத்தச் சொல்ல? மறந்துட்டேன்னுதான் நெனச்சேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயமும் இருந்தது. "அந்த வார்டுல மாரிமுத்துக்குக் கஞ்சி ஊத்தும்போதெல்லாம் அதே மாரி அடிச்சுச்சுலே. நான் உனக்காகத்தான் அடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

 நான் வெங்காயத் தோலைப் பொறுக்கப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்கு முன்வரிசையில் கை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். ஸ்தோத்திரக் காணிக்கை எடுத்து முடித்ததும் போதகர் ஐயா என் பெயரைச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாக்கரைப் பிடித்து எழுந்திருக்க முயன்றேன். எனக்கு எழ நேரமாகும். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்துவிட்டாள்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கம்மா."

அம்மா மைக் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே பேசினாள்.

"எம்மகன் வேதம் கேட்டான்னு நான் எல்லார்ட்டயும் சொன்னேன். அவன் வேதம் கேக்கல. வேண்டாம்னு சொல்ல வந்தான். அவசரத்துல நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். ஐயா அதப் பிரசங்கத்துல சொன்னாக. அது ஐயா தப்பில்ல, என் தப்பு."

 மேலே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.  அத்தனை பேர் முன்னால், வாழ்நாள் முழுக்கப் பெஞ்சு துடைத்த அதே கோயிலில், அம்மா தன்னைத் தானே இறக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"அவன ஊழியத்துக்கு விட்டுர்றேன்னு நான் வாக்குக் குடுத்துட்டேன். குடுத்த வாக்கு பொய்யாகக் கூடாது. யோசிச்சுப் பாத்தேன். ஆண்டவர் கூப்பிட்டது என்னையத்தான். நாப்பது வருசமா எனக்குத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்காரு. நான் போகாம, எம்மகன அனுப்பிவிடப் பாத்தேன். அவ்வளவுதான்யா."

 போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, அந்த ஃபாரத்துல வயசு வரம்பு இருக்கே."

"ஃபாரம் எதுக்குங்கய்யா? சீக்காளியப் பாக்கப் போறதுக்கு டவுன் பஸ்ஸு போதும்."

யாரோ சிரித்தார்கள். ஐயாவும் சிரித்துவிட்டார். அம்மாவைப் பீடத்துக்கு முன்னால் வரச் சொன்னார். அவளால் முழங்காலிட முடியாது என்பதால் நின்றபடியே தலையில் கை வைத்து ஜெபித்தார். நான் பாதி எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துகொண்டேன். என் சாட்சியை யாரும் கேட்கவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சபையில் சிலர் இன்னும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் அம்மாவை முதல் நாள் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆளாளுக்கு உள்ளே வந்து பிரசங்கம் பண்ணுகிற இடமில்லை என்றாராம் ஹெட் நர்ஸ். பிரசங்கம் பண்ணத் தெரியாது என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை. மூன்றாவது முறை போனபோது, துணைக்கு ஆள் இல்லாத ஒரு கிழவருக்கு எக்ஸ்ரே எடுக்கத் தள்ளுவண்டி தள்ள ஆள் கிடைக்காமல் அந்த ஹெட் நர்ஸே நின்றிருந்தார். அம்மா போய் வண்டியைத் தள்ளினாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் விடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை அம்மா தாயில்பட்டிக்குப் போகிறாள். மாரிமுத்து வீட்டில்தான் கிடக்கிறார். கழுத்துக்குக் கீழே இன்னும் ஒன்றும் வரவில்லை. லட்சுமி வேலைக்குப் போய்விட்டு வரும்வரை அம்மா அங்கே இருக்கிறாள். அங்கே என்ன செய்கிறாள், என்ன பேசுகிறாள் என்று அவள் சொல்வதில்லை. வந்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறாள்.

எனக்கு இன்னும் அழைப்பு எதுவும் வரவில்லை. வந்தால் கேட்கும் என்று நினைக்கிறேன். கம்பெனியில் பாதி நாள் வேலை கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து புரூஃப் பார்க்கிற வேலை. பத்து மணிக்கு ஆட்டோ வரும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் சுகந்தியும் மகளும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். சட்டையை மாட்டிவிட்டு, விரல் ஒத்துழைக்காததால், "அம்மா, இந்தப் பட்டனக் கொஞ்சம் போட்டுவிடு" என்றேன். அம்மா வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயே போடுலே. ஒம்போதரை வண்டி போயிரும்."

காலை இழுத்து இழுத்துத் தெருவில் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து கீழிருந்து ஆரம்பித்தேன். ஏழு பட்டன். நழுவி நழுவிப் போயிற்று, நடுவில் இரண்டு முறை கையைத் தொங்கவிட்டு இளைப்பாறினேன். முடித்துப் பார்த்தால் ஒரு துளை மாறி, காலர் ஒரு பக்கம் ஏறி நின்றது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அப்படியே கிளம்பிவிட்டேன்.